ஒரு குல்லாவுக்கு என்ன விலை?

போன மார்கழியில் கைவினைப் பொருள்களை வாங்கி நகரத்தில் விற்கிற ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் கிடந்த குழந்தைக் குல்லாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாட்டுப் பருத்தி, கையால் நூற்றது, கையால் பின்னியது என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. "மாசம் 20 பீஸ் குடுங்கம்மா. ஒண்ணுக்கு 120 ரூபா தர்றேன். பொழுதுபோக்காதானே செய்யுறீங்க, வர்றதெல்லாம் லாபம்தானே" என்றார்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். அவரும் என்னோடு சேர்ந்து நூற்கப் பழகியவர். "உனக்கு நெல்லு இருக்குது, வூட்டுக்காரர் சம்பளம் இருக்குது. எனக்கு இன்னா இருக்குது? உனக்கு வேணாம்னா எனக்கு வாங்கிக் குடுத்திருக்கலாம் இல்ல?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. என்னால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நம் இயக்கத் தோழர்களும் கூட்டங்களில் "பெண்களுக்குக் கூடுதல் வருமானம்" என்று ராட்டையையும் பின்னல் ஊசியையும் பற்றிப் பேசுவதால், அந்தப் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது எளாவூர்ப் பக்கம். ஒரு பக்கம் ஆந்திராவுக்குப் போகும் நெடுஞ்சாலையும் சோதனைச் சாவடியும், தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், கிழக்கே பழவேற்காடு ஏரி. இரண்டு ஏக்கரில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறோம். ஏழு வருசமாக உப்பும் இல்லை, மருந்தும் இல்லை. வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவருக்கு இராத்திரி ஷிப்ட் வரும் வாரங்களில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்துக்குத்தான் பின்னல் ஊசியை மறுபடி கையில் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டது. கை மறக்கவில்லை.

முதலில் பொன்னேரி ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன்' உருண்டை வாங்கிப் பின்னினேன். ஒரு நாள் அறுந்த துண்டை விளக்கில் காட்டினேன். உருகிச் சுருண்டு, கறுப்பு மணியாக இறுகிப்போனது. உண்மையான கம்பளி முடி கருகுகிற வாசத்தோடு பொசுங்கும், தேய்த்தால் தூளாகும். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். இது இரண்டும் இல்லை. கடையில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து செய்கிற இழை. வயலில் யூரியா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அக்கா பேத்தியின் தலையில் பிளாஸ்டிக்கை மாட்டிவிட்டிருக்கிறேன்.

சரி, நம்ம ஊர் ஆட்டு ரோமத்தில் நூற்கலாமா என்று பார்த்தேன். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்து இனமான சென்னைச் சிவப்பு ஆட்டுக்கு உடம்பில் இருப்பது முடிதான், கம்பளி இல்லை. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளிக்குப் பேர் போனது நீலகிரி ஆடு. இந்த வெக்கையில் கம்பளி எதற்கு? நமக்குப் பருத்திதான் சரி என்று விட்டுவிட்டேன்.

விதைத் திருவிழா ஒன்றில் ஒரு பிடி கருங்கண்ணி விதை கிடைத்தது. எங்கள் மண் கரிசல் இல்லை. ஆனாலும் மோட்டுக் கொல்லையில் 25 செடி நிற்கிறது. வருசத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே விதைப்பருத்தி வரும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி விதை. விதை மாட்டுக்கும் அடுத்த விதைப்புக்கும்.

கருங்கண்ணியின் இழை குட்டை. வேகமாக ஓடும் மில் இயந்திரத்துக்கு நீண்ட இழை வேண்டும். மில்லுக்கு எது தோதோ அதற்குத்தான் சந்தையில் விலை. அதனால்தான் முதலில் கம்போடியா பருத்தியும், பிறகு வீரிய ஒட்டும், 2002-க்குப் பிறகு பி.ட்டி. பருத்தியும் வந்து நம் நாட்டு ரகங்களை ஓரம் கட்டின. கைராட்டைக்கு அந்த அவசரம் இல்லை. முறுக்கைக் கொஞ்சம் கூட்டி, இழுப்பைக் கொஞ்சம் குறைத்தால் குட்டை இழையும் நூலாகிவிடும். அதனால் நாட்டுப் பருத்தி விதை நிலைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ராட்டை ஒரு வேடிக்கைப் பொருள் அல்ல. அந்த இழையைக் குறை சொல்லாமல் ஏற்கிற கருவி அது.

என் நூற்பு நேரம் விடியற்காலை. ஏரிப் பக்கத்துக் காற்றில் ஈரம் இருக்கும்போது நூல் அறாது. பத்து மணிக்கு மேல் காற்று காய்ந்துவிட்டால் பொட்டுப் பொட்டென்று அறும். மில்லில் காற்றில் ஈரம் ஏற்றுவதும் இதற்காகத்தான். பெட்டி ராட்டையில் உட்கார்ந்தால் மணிக்கு 200 மீட்டர் வரும். என்னைவிட வேகமாக நூற்பவர்கள் நிறைய பேர் உண்டு. சனிக்கிழமை கீரையும் கடலையும் எடுத்துக்கொண்டு லோக்கல் வண்டியில் சென்னைக்குப் போகும்போது பின்னல் ஊசி கையில் இருக்கும். எளாவூரில் ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் நாலு விரல் அகலம் பின்னிவிடுவேன். "இன்னாம்மா, கடையில கிடைக்காததா?" என்று யாராவது கேட்பார்கள். சிரித்துக்கொள்வேன்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. காசு வராமலே பிடித்திருக்கிறது. கை ஓடும்போது மனசு அடங்குகிறது. வீட்டில் கைப்பிடித் துணி, குல்லா, பாத்திரம் தேய்க்கும் துணி எல்லாம் என் பருத்தியில் செய்தவை. பொழுதுபோக்கு என்றால் பொழுதுபோக்குதான். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் அதை ஒருவர் விலைக்குக் கேட்டவுடன் அது வேலையாகிவிடுகிறது. வேலை என்றால் கூலிக் கணக்குப் போட வேண்டும்.

அக்கா சண்டை போட்ட மறுநாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு குழந்தைக் குல்லாவுக்கு நூல் 40 கிராம். கழிவும் சேர்த்து விதைப்பருத்தி 130 கிராம் வேண்டும். 2025-26-க்கு நடுத்தர இழைப் பருத்திக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். அந்தக் கணக்கில் குல்லாவுக்கான பருத்தியின் விலை 10 ரூபாய்.

இனி நேரம். பலகையில் வைத்துக் கம்பியை உருட்டி விதை நீக்க 2 மணி. பஞ்சைக் கொட்டி, விரல் நீளத் திரியாக உருட்ட ஒன்றரை மணி. நான் நூற்பது பத்தாம் நம்பர் அளவுக்குத் தடித்த நூல். 40 கிராம் என்றால் 680 மீட்டர், மூன்றரை மணி. மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி, முறுக்கு அடங்க வெந்நீரில் கொதிக்கவைக்க 1 மணி. பின்ன 4 மணி. மொத்தம் 12 மணி நேரம்.

100 நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. பன்னிரண்டு மணிக்கு 504. பருத்தியையும் சேர்த்தால் ஒரு குல்லா 514 ரூபாய். வந்தவர் தருவதாகச் சொன்னது 120. பருத்திக் காசைக் கழித்தால் மணிக்கு 9 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது.

நோட்டை அக்காவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காண்ட்ராக்ட்ல கூட்டிப் பெருக்கினாலே இதுக்கு மேல தர்றான்" என்றார்.

உழவர்களுக்கு இந்தக் கணக்கு புதிது இல்லை. வயலில் நாமும் வீட்டுப் பெண்களும் செய்த வேலைக்குக் கூலி போடாமல் "லாபம்" பார்த்துப் பார்த்துத்தானே கடனாளி ஆனோம்? குடும்ப உழைப்பையும், சொந்த நிலத்தின் வாடகையையும், போட்ட முதலின் வட்டியையும் சேர்த்து விலை வை, அதற்கு மேல் பாதி கொடு என்று எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையத்தின் பேரைச் சொல்லித்தானே இத்தனை வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? நெல்லுக்கு ஒரு நியாயம், நூலுக்கு ஒரு நியாயமா? "ஓய்வு நேரத்தில் பெண்கள் நூற்றுச் சம்பாதிக்கலாம்" என்று மேடையில் சொல்கிறபோது அந்த ஓய்வு நேரத்துக்கு விலை பூச்சியம் என்றுதான் சொல்கிறோம்.

நூற்பவர் கூலி பற்றிய பேச்சு கதர் இயக்கத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. அகில பாரத நூற்போர் சங்கம் 1925-இல் தொடங்கியது. பத்து வருசம் கழித்து, 1935-இல், நூற்கிற பெண்களுக்குப் பிழைக்கிற அளவுக்குக் கூலி தர வேண்டும், எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்று காந்தி வற்புறுத்தினார். கூலி ஏறினால் கதர் விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்ற அச்சம் இருந்தது. அதற்காக அவர் பேச்சை விடவில்லை. எட்டணா முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் கூலி ஏறியது. ராட்டையை இவ்வளவு நேசித்தவரே மலிவு நூல் வேண்டும் என்று சொல்லவில்லை.

எங்கள் பழவேற்காட்டையே பாருங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கோட்டை கட்டியது இந்தக் கரையின் துணிக்காகத்தான். கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாகக் கடல் தாண்டிப் போயிற்று. ஒரு தறி ஓயாமல் ஓட வேண்டுமானால் பல ராட்டைகள் ஓட வேண்டும். கோட்டை கட்டியவன் பேரும் வியாபாரி பேரும் சரித்திரத்தில் இருக்கிறது. அந்த ராட்டைகளைச் சுற்றிய பெண்களின் பேரை நான் எங்கும் படித்ததில்லை.

"அப்படியானால் 120 ரூபாய்கூட இல்லாதவர் என்ன செய்வார்?" என்று கேட்பீர்கள். அக்கா கேட்டதும் அதைத்தான். என்னிடம் முழுப் பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஒவ்வொரு குல்லாவிலும் ஒரு சீட்டுக் கட்டினோம்: பருத்தி 10 ரூபாய், உழைப்பு 12 மணி நேரம், விலை 514. சென்னையில் நான் கீரை விற்கும் அங்காடியில் வைத்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க ஏழு குல்லா விற்றது. சீட்டைப் படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனவர்களே அதிகம். அக்காவுக்கு அது போதவில்லை. தையில் சிப்காட்டில் ஒரு கேன்டீன் வேலைக்குப் போய்விட்டார். இராத்திரியில் வந்து என்னோடு உட்கார்ந்து நூற்கிறார், தன் பேத்திக்காக.

ராட்டை அவரைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் என்று யாராவது அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். 120 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டிருந்தால் மாசம் 240 மணி நேரம் குனிந்து உட்கார்ந்து 2,400 ரூபாய் வாங்கியிருப்பார், பருத்திச் செலவும் அதற்குள்ளேயே.

அதனால் தோழர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நெல்லில் முதலில் வீட்டுக்கு, மிச்சம் சந்தைக்கு என்கிறோமே, நூலிலும் அப்படியே இருப்போம். வரப்போரம், கொல்லையில், பத்துச் செடி நாட்டுப் பருத்தி வையுங்கள். ஆணும் நூற்கலாம், பிள்ளைகளும் நூற்கலாம். தக்ளி ஒன்று போதும், ராட்டைகூட வேண்டாம். ஒரு முழம் நூல் நூற்றுப் பார்த்தவர், 200 ரூபாய்க்கு விற்கும் சட்டையைப் பார்த்தால், இதில் யாருடைய கூலி காணாமல் போனது என்று தானாகவே கேட்பார்.

விற்பதானால் மணிக்கணக்கை எழுதி விற்போம். வாங்குபவர் பேரம் பேசட்டும், பரவாயில்லை. எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று தெரிந்து பேசட்டும். கைநூற்பு, கைத்தறி என்று ஏற்கெனவே முயன்றுகொண்டிருக்கும் துலா போன்ற அமைப்புகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்கள் பருத்தி விளைவிப்பவருக்கும் நூற்பவருக்கும் எப்படி விலை கட்டுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுவோம். இனி நம் பயிற்சி வகுப்புகளில் "கூடுதல் வருமானம்" என்று சொல்வதற்கு முன்னால், கரும்பலகையில் முதல் வரியாக அந்தப் பொருளுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு வருகிறவர் வரட்டும்.

போன வாரம் அதே ஆள் போன் செய்தார். 150 தருகிறேன் என்றார். சீட்டை வாட்சப்பில் அனுப்பி வைத்தேன். இன்னும் பதில் இல்லை.