ரோஜாப்பூ செனட்டர்



எதிர்க்கட்சியைத் தாக்கிப் பேச ஆயிரம் பேர் உண்டு. சொந்தக் கட்சிக்காரரையே எதிர்த்து எழுந்து நிற்பவர் எத்தனை பேர்? அமெரிக்க செனட் சபையில் 1950-ஆம் ஆண்டு அப்படி நின்றவர் ஒரு பெண்மணி. 96 உறுப்பினர்களில் அவர் ஒருவரே பெண்!

மார்கரெட் சேஸ் ஸ்மித் 1897-இல் மேன் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. கல்லூரிப் பக்கமே போகாதவர் மார்கரெட். சில மாதங்கள் ஓரறைப் பள்ளியில் ஆசிரியை. (ஓர் அறையில் பல வகுப்புகளைக் கட்டி மேய்ப்பது என்ன பாடு என்று தோட்டப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வோம்!) பிறகு தொலைபேசி நிலையம், செய்தித்தாள் அலுவலகம், கம்பளி ஆலை. காங்கிரஸ் உறுப்பினராயிருந்த கணவர் 1940-இல் காலமாக, அந்த இடத்துக்கு நின்று வென்றார். 1949-இல் செனட்டரானார்.

மறு வருடம் பிப்ரவரியில், அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜோசப் மெக்கார்த்தி ஒரு குண்டைப் போட்டார். வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் நிறைந்திருக்கிறார்களாம். பெயர்ப் பட்டியல் அவர் கையில் இருக்கிறதாம். ஸ்மித்தும் கம்யூனிஸ்டுகளுக்கு வேண்டியவர் அல்லர். ஆனால் ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். காட்டிய காகிதங்களில் ஒன்றும் இல்லை. பழி சுமத்தப்பட்டோர் வேலை இழந்தார்கள். பெரிய பெரிய தலைகள் வாய் திறக்கப் பயந்தன.

ஜூன் 1-ஆம் தேதி ஸ்மித் பேசினார். கால் மணி நேரந்தான். மெக்கார்த்தி பின்னால் அமர்ந்திருந்தார். அவர் பெயரை ஸ்மித் சொல்லவே இல்லை. குறை கூறவும், பலருக்குப் பிடிக்காத கருத்தை வைத்திருக்கவும், எதிர்ப்புத் தெரிவிக்கவும், சுயமாகச் சிந்திக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்றார். பயத்தையும் அவதூறையும் விற்றுத் தம் கட்சி வெற்றி பெற வேண்டாம் என்றார். உடன் கையெழுத்திட்டவர்கள் ஆறே பேர். 'ஸ்னோ ஒயிட்டும் ஆறு குள்ளர்களும்' என்று மெக்கார்த்தி கேலி செய்தார். கேலியோடு விடவில்லை, விசாரணைத் துணைக்குழுவிலிருந்து ஸ்மித்தை நீக்கி, நிக்சனை அமர்த்தினார். 1954-இல் கட்சிக்குள்ளேயே ஒரு போட்டியாளரைத் தூண்டிவிட்டார். மேன் மக்கள் அந்த ஆளை மண்ணைக் கவ்வ வைத்தார்கள்! அதே ஆண்டு டிசம்பரில் 67-க்கு 22 என்ற கணக்கில் செனட் மெக்கார்த்தியைக் கண்டித்தது. ஸ்மித்தும் கண்டித்தே வாக்களித்தார்.

வியட்நாம் போரை அவர் ஆதரித்தது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் கடமை என்றால் கடமை: 1955 முதல் 1968 வரை 2,941 வாக்கெடுப்புகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 1964-இல் ஜனாதிபதி வேட்பாளர் பதவிக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1972-இல் தோற்றார், 1995-இல் 97 வயதில் மறைந்தார்.

தினமும் உடையில் ஒரு ரோஜாவைச் செருகி வருவது அவர் வழக்கம். அதுவே தேசிய மலராக வேண்டும் என்று வாதாடினார். சக செனட்டர் டர்க்சனோ துலுக்கச் சாமந்திதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். 1986-இல் ரோஜாவே ஜெயித்தது!