ஜோலார்பேட்டைக்கு அப்புறம் யார் துணை?



எங்க ஆயா லாங் பஜாரில் கீரை விற்கிறாங்க. சித்தி ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போறாங்க. தினமும் காட்பாடியில் ரயில் ஏறி, சாயங்காலம் திரும்பி வருவாங்க. கொஞ்சம் லேட்டானாலும் ஆயா வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பாங்க. அதற்குக் காரணம் உண்டு.

2025 பிப்ரவரி 6 அன்று, கோவையிலிருந்து திருப்பதி போகும் இன்டர்சிட்டி ரயிலில் ஒரு கர்ப்பிணிப் பெண் பெண்கள் பெட்டியில் வந்தார். ஜோலார்பேட்டையில் மற்ற பெண்கள் இறங்கிவிட்டார்கள். அவர் தனியாக இருந்தபோது ஒருவன் ஏறி, தவறாக நடக்கப் பார்த்தான். அவர் கத்தினார். கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து அவரைத் தள்ளிவிட்டான். வயிற்றிலிருந்த குழந்தை இறந்துபோனது. "பொம்பளைங்க ராத்திரியில ஏன் போகணும்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இது நடந்தது பட்டப்பகலில்!

போலீஸ் அவனைச் சீக்கிரமே பிடித்தது. அதே வருடம் ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் சாகும்வரை சிறை என்று தீர்ப்புக் கொடுத்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் தண்டனை கொடுத்தால் அந்தக் குழந்தை வருமா? போலீஸ் வேலை குற்றம் நடந்த பிறகு மட்டும்தானா?

ரயிலில் இரண்டு படைகள் இருக்கின்றன. ஆர்.பி.எஃப். மத்திய அரசின் ரயில்வே துறையைச் சேர்ந்தது. ரயில்வே போலீஸ் மாநில அரசுடையது, வழக்குப் போட்டு விசாரிப்பது இவர்கள்தான். பயணிக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறியதை ஒருமுறை சித்தி ஒரு காக்கிச்சட்டைக்காரரிடம் சொன்னாங்க. "அது எங்க வேலை இல்லம்மா, அவங்ககிட்ட சொல்லு" என்றாராம். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பெண்கள் பெட்டியில் ஆண் ஏறுவது 1989 ரயில்வே சட்டப்படி குற்றம். எந்தக் காக்கிச்சட்டையிடம் சொன்னாலும் உடனே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

"ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு போலீஸ் போட முடியுமா?" என்று சித்தப்பா கேட்டார். முடியாதுதான். ஆனால் ஜோலார்பேட்டை, காட்பாடி மாதிரி கூட்டம் இறங்கும் ஸ்டேஷனில், ஒரு பெண் போலீஸ் பெண்கள் பெட்டியை எட்டிப் பார்க்கலாமே! ஒருவர் இருவர்தான் மிச்சம் என்றால் கூடவே ஏறிப் போகலாம். இல்லையென்றால் ஆட்கள் இருக்கும் பெட்டிக்கு அவர்களை மாற்றி உட்கார வைக்கலாம். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தமிழ்நாட்டில் 1992-லேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்துவிட்டது. ஸ்டேஷனில் இருக்கும் அந்தத் தைரியம் ரயில் பெட்டிக்குள்ளும் வர வேண்டும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. ரயில் உதவி எண் 139. இதை மனப்பாடம் செய்து வீட்டில் அம்மா, அக்காவுக்கும் சொல்லுங்கள். ஆபத்து என்றால் செயினை இழுக்கத் தயங்காதீர்கள். மாணவர்களே, பெண்கள் பெட்டியில் விளையாட்டுக்குக்கூட ஏறாதீர்கள்.

சித்தியின் ரயில் தினமும் கே.வி.குப்பத்தைத் தாண்டித்தான் வருகிறது. ஆயா வாசலைப் பார்க்காமல் நிம்மதியாகச் சாப்பிடும் நாள் வர வேண்டும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி