என் பூங்குழலி எங்கே?

“செல்போன் வந்தது, புத்தகம் போச்சு” என்று பிரேயரில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! நான் அதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஏனென்றால் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ எனக்குக் கிடைத்ததே செல்போனில்தான். ஐந்து பாகத்தையும் காசு கொடுத்து வாங்க எங்கள் வீட்டில் வழியில்லை. தமிழ் ஆர்வலர்கள் 1998-ல் தொடங்கிய ‘புராஜெக்ட் மதுரை’ இணையதளத்தில் முழு நாவலும் இலவசமாக இருப்பதை அண்ணன்தான் காட்டினான். போன கோடை லீவில், கரண்ட் போன ராத்திரிகளில், காசிமேட்டில் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஆயாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. கடல் தெரியும்.

இரண்டாம் பாகத்தில், கோடிக்கரைப் பூங்குழலி வந்தியத்தேவனை ராத்திரியில் படகிலேற்றி ஈழத்துக்குக் கொண்டுபோகிற இடம் வந்தது. ஆயா நிறுத்தச் சொன்னாங்க. “காத்து எந்தப் பக்கம்? வாடையா, கச்சானா? வெள்ளி பாத்தா போறா?” எனக்கு என்ன தெரியும்! கதை அரை மணி நேரம் நின்றுவிட்டது. கட்டுமரத்தில் போன காலத்தில் தாத்தா வெள்ளியைப் பார்த்துக் கரை சேர்ந்ததை ஆயா சொல்லச் சொல்ல, எனக்குள் ஒரு பூங்குழலி வந்து உட்கார்ந்தாள். எங்கள் சின்ன அத்தை மாதிரி கறுப்பு. உப்புக் காற்றில் சிக்குப் பிடித்த தலை, உள்ளங்கையெல்லாம் காய்ப்பு.

அடுத்த வாரமே ஒரு தப்பு செய்தேன். மணிரத்னம் இயக்கி 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்த படத்தை அண்ணன் போனில் பார்த்துவிட்டேன். படம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் கதையைத் திறந்தால், படகில் இருப்பது நடிகை ஐஸ்வர்யா லட்சுமி! அத்தை முகத்தை எவ்வளவு கூப்பிட்டுப் பார்த்தும் வரவே இல்லை.

“கல்கி இதழில் வந்தபோதே மணியம் படம் போட்டாரே?” என்று தமிழ் ஐயா கேட்பார். கேட்கட்டும். அது 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். மணியத்தின் ஓவியத்தைப் பார்த்தவர்கள் அடுத்த இதழ் வரும்வரை ஏழு நாள் சும்மாவா இருந்திருப்பார்கள்? அவள் குரல், நடை, அலைச் சத்தம் எல்லாம் அவங்களேதான் போட்டுக்கணும். சினிமா அந்த வேலையையும் நமக்குச் சேர்த்துச் செய்துவிடுகிறது.

இப்போது அதைவிட வேகம். என் தோழி ஏ.ஐ.யில் ‘பூங்குழலி’ என்று தட்டினாள். கொஞ்ச நேரத்தில் படம் ரெடி. உடம்பெல்லாம் நகை போட்ட ஒரு ராஜகுமாரி, கையில் துடுப்பு. ஆயாவிடம் காட்டினேன். “துடுப்பு புடிக்கிற லட்சணமா இது? கரைய வுட்டே போவாது!”

அதனால் என் கட்சி இதுதான். போனில் படிப்பது தப்பே இல்லை. சினிமாவை மட்டும் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுப் பாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாடத்தில் வரும் கதையை ஸ்மார்ட் போர்டில் ஓடவிடுவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்களேன். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம். தூங்க மாட்டோம்!

ஆயா அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாங்க. நாங்கள் இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறோம். “உன் பூங்குழலி யார் மாதிரி இருப்பா, ஆயா?” என்று நேற்றுக் கேட்டேன்.

“அத ஏண்டி உன்கிட்ட சொல்லணும்?” என்று சிரிக்கிறாங்க.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி