நட்சத்திரத்தின் அகலத்தை அளப்பது எப்படி? அருவங்காட்டில் பிறந்தவர் காட்டிய வழி மீண்டும் பேசப்படுவது ஏன்?

கோவைக்காரர்களுக்கு அருவங்காடு புதிதல்ல. மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ஊட்டி மலை ரயில் குன்னூரைத் தாண்டி நிற்கும் ஊர். வெடிமருந்து தொழிற்சாலைதான் அதன் அடையாளம். 1916-ல் அங்கே பிறந்த ராபர்ட் ஹான்பரி பிரவுன், நட்சத்திரங்களை அளக்க ஒரு புது வழி கண்டுபிடித்தார். பல ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்ட அந்த வழிக்கு இப்போது மவுசு திரும்பியிருக்கிறது.

என்ன சிக்கல்?

பெரும்பாலான நட்சத்திரங்கள் தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளிதான். இரவு வானில் மிகப் பிரகாசமான சிரியஸையே எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தை கோவையிலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிசா தெரியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அது.

எப்படி அளந்தார்?

பக்கத்துப் பக்கத்தில் உள்ள ரெண்டு தகரக் கூரையில் மழைச் சத்தம் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். தெரு தள்ளிப்போனால் தாளம் மாறிடும். நட்சத்திர ஒளியும் அப்படித்தான். இரண்டு கண்ணாடிகளில் விழும் ஒளியின் ஏற்ற இறக்கம், அருகில் இருக்கும்போது ஒத்துப்போகும். விலக விலக ஒற்றுமை குறையும். எவ்வளவு தூரத்தில் குறைகிறது என்பதை வைத்து அகலத்தைக் கணக்கிடலாம். காற்று மண்டலத்தால் நட்சத்திரம் மின்னுவதும் இதைப் பெரிதாகப் பாதிக்காது.

ரிச்சர்ட் ட்விஸ் என்பவருடன் சேர்ந்து, ராணுவ சர்ச்லைட் கண்ணாடிகளை வைத்தே சிரியஸை அளந்து 1956-ல் அறிவித்தார். 'இது நடக்கவே நடக்காது' என்றார்கள் சில இயற்பியலாளர்கள். அந்த விவாதம்தான் ஒளி பற்றிய புதிய குவாண்டம் ஆய்வுகளைத் தூண்டியது. அந்தத் துறையில் ராய் கிளாபர் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஏன் நின்றுபோனது?

ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் 6.5 மீட்டர் கண்ணாடிகள் இரண்டை வைத்து 32 நட்சத்திரங்களை அளந்தார் பிரவுன். ஆனால் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களை மட்டுமே அதனால் அளக்க முடிந்தது.

இப்போது என்ன மாற்றம்?

காமா கதிர் ஆய்வுக்கான தொலைநோக்கிகளில் பெரிய கண்ணாடியும் அதிவேக மின்னணுக் கருவியும் உண்டு. நிலா வெளிச்சத்தில் அவற்றின் வழக்கமான வேலை தடைபடும். அந்த இரவுகளை இதற்குப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள வெரிடாஸ் தொலைநோக்கிகள் இப்படி இரண்டு நட்சத்திரங்களை அளந்த முடிவு 2020-ல் வெளியானது.

இந்தியாவின் நிலை?

லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் அகலமுள்ள 'மேஸ்' காமா கதிர் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. கண்ணாடி பெரிசுதான், ஆனால் ஒண்ணே ஒண்ணு. அருவங்காட்டுக்காரரின் வழிக்கு குறைந்தது இரண்டு வேணும்.