ஆகாயத்துக்கு வாடகை உண்டா?

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் பாட்டி, போன மாதம் கேபிள்காரருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாள். அந்தப் பணம் பேரனின் பள்ளிக்கூட வேனுக்கு ஆகட்டும் என்பது அவள் கணக்கு. மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, பத்திரிகையிலே எழுதறியே, ஒண்ணு சொல்லு. அப்பல்லாம் மொட்டை மாடியிலே கம்பி நட்டா படம் வந்திச்சே! இப்ப ஆகாயத்தையும் வாடகைக்கு விட்டுட்டாங்களா?"

நியாயமான கேள்விதான். 1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் பிறந்தது. அப்புறம் வீட்டுக்கு வீடு ஏரியல் முளைத்தது; காக்கைகளுக்கும் உட்கார இடம் கிடைத்தது. மாடியில் ஒருவர் கம்பியைத் திருப்ப, கீழே ஒருவர் "வருது, வருது... போச்சு!" என்று அலறாத வீடு உண்டா?

அந்தப் பழைய முறை ஒளிபரப்பு, நாட்டின் பெரும்பாலான இடங்களில் 2021-க்குள் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்கு முன்பே, 2016-ல், சென்னை உள்பட 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் ஆரம்பித்தது. மாதக் கட்டணம் கிடையாது. அதற்கேற்ற ட்யூனர் இருந்தால் போதும். ஆனால் டிஜிட்டல் கறார்ப் பேர்வழி. அலை போதிய அளவு வந்தால் படம் பளிங்கு. கொஞ்சம் குறைந்தால் ஒன்றுமே இல்லை. பழைய பெட்டியைப் போல் புள்ளி புள்ளியாகவாவது முகம் காட்டுகிற தாட்சண்யம் அதற்கு இல்லை.

அந்த ட்யூனரைத் தேடிக் கடை ஏறினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்! கடைசியில் பாட்டி வீட்டுக்கு டி.டி. ஃப்ரீ டிஷ் வந்தது. 2004-ல் தொடங்கிய இலவசச் சேவை. தட்டுக்கும் பெட்டிக்கும் ஒரே தடவைதான் செலவு. தட்டைத் தென்கிழக்கே அண்ணாந்து பார்க்க வைத்தோம். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து டி.டி. தமிழ் வந்து இறங்கியது. பாட்டிக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த வாரம் கனமழை. படம் உறைந்து, பிறகு மறைந்தே போயிற்று. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையைப் பெருமழை விழுங்கிவிடும். தரைக் கோபுரத்து அலை மழைக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. 2015 வெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் கண்ட நமக்கு, என்றைக்குச் செய்தி அவசரமாக வேண்டுமோ அன்றைக்குத்தான் தட்டு கண்ணை மூடுகிறது! தரைவழி இலவச ஒளிபரப்பும், அதை வாங்கும் ட்யூனரும் ஏழை வீட்டுக்கு எட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

பாட்டி பதறவில்லை. பரணிலிருந்து பழைய டிரான்ஸிஸ்டரை இறக்கித் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இதுக்குக் கண்ணு இல்லே, ஆனா மழையிலே தூங்காது, தம்பி!"