வாடகைக்கு ஒரு பம்ப்!

ஒன்பது மணிக்கு கிளாஸ். எட்டேகாலுக்கு ஹாஸ்டல் பாத்ரூம்ல முகமெல்லாம் சோப்பு நுரையோட நிக்கிறீங்க. குழாயைத் திறந்தா 'புஸ்ஸ்'னு காத்து மட்டும் வருது. என்ன பண்ணுவீங்க? வார்டனை நாலு திட்டு திட்டிட்டு, பக்கத்து பிளாக்குக்கு பக்கெட்டோட ஓடுவீங்க. சரி, அங்கேயும் இல்லை. காலேஜ்லயே இல்லை. ஊர்லயே இல்லைன்னா?

2022 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவோட ஜாக்சன் நகரத்துல இதேதான் நடந்தது. பட்டிக்காடுன்னு நினைச்சுடாதீங்க. மிசிசிப்பி மாநிலத்தோட தலைநகரம், சுமார் 1,50,000 பேர் வசிக்கிற ஊர். அங்கே இருக்கிற ஜாக்சன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் செமஸ்டர் அப்போதான் தொடங்கியிருந்தது. வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயிடுச்சு. கேம்பஸுக்குள்ள வாடகை டாய்லெட்டும் வாடகை ஷவரும் வந்து இறங்குச்சு. ஃபுட்பால் கோச் டியான் சாண்டர்ஸ் (அந்த ஊர்ல சூப்பர் ஸ்டார் ரேஞ்ச் ஆள்), தன் பசங்க தங்கிக் குளிக்க வேற இடம் தேடிக்கிட்டிருக்கேன்னு வீடியோ போட்டார்.

வேடிக்கை என்னன்னா, அப்போ அங்கே பஞ்சம் இல்லை, வெள்ளம்! மழையில் பேர்ல் ஆறு பொங்கி, ஓ.பி. கர்ட்டிஸ்ங்கிற பெரிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு வர்ற தண்ணியோட தன்மையே மாறிப்போச்சு. மருந்து அளவையெல்லாம் மாத்தணும், உற்பத்தி குறைஞ்சது. நல்லா இருக்கிற நிலையமா இருந்தா சமாளிச்சிருக்கும். இங்கே மெயின் பம்ப்புகள் ஏற்கெனவே படுத்து, சின்ன ஸ்டாண்ட்பை பம்ப்புகளை வச்சுத்தான் வண்டி ஓடிக்கிட்டிருந்தது. 'கொதிக்க வச்சுக் குடிங்க'ன்னு ஜூலை கடைசியிலேயே அறிவிப்பு வந்தாச்சு.

ஏன் கொதிக்க வைக்கணும்? இது கொஞ்சம் சுவாரஸ்யமான சமாச்சாரம். பழைய குழாய்ல விரிசல் இருக்கத்தான் செய்யும். உள்ளே அழுத்தம் இருக்கிறவரைக்கும் அந்த விரிசல் வழியா தண்ணி வெளியே போகும். நஷ்டம்தான், ஆனா ஆபத்தில்லை. அழுத்தம் விழுந்துடுச்சுன்னா கதை தலைகீழ். மண்ணுல இருக்கிற அழுக்கும் கிருமியும் அதே விரிசல் வழியா உள்ளே வரும். அதனாலதான் தண்ணி திரும்பி வந்த பிறகும் உடனே குடிக்க விட மாட்டாங்க.

ஆகஸ்ட் 29-ல் கவர்னர் நெருக்கடி நிலையை அறிவிச்சார். மறுநாள் அதிபர் பைடனும் அறிவிச்சார். ஆகஸ்ட் 31-ல் ஒரு வாடகை பம்ப்பைக் கொண்டுவந்து மாட்டினாங்க. செப்டம்பர் 5 வாக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு அழுத்தம் திரும்பிச்சு. செப்டம்பர் 15-ல் கொதிக்க வைக்கிற உத்தரவும் போச்சு. அவசர வேலைன்னு வந்தா இவ்வளவு வேகம்!

ஆனா இது திடீர்னு வந்த வியாதி இல்லை. 2020 மார்ச்லயே மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஜாக்சன் தண்ணி பத்தி அவசர உத்தரவு போட்டிருந்தது. 2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்து நிலையமே உறைஞ்சு, பல வீடுகளுக்கு வாரக்கணக்கில் தண்ணி இல்லை. அதே ஏப்ரல்ல மின் பேனல்ல தீ. இன்னும் பெரிய கூத்தைக் கேளுங்க. ஊர்ல ஒரு பழைய கோல்ஃப் மைதானம். அங்கே பெரிய குழாய் ஒண்ணு உடைஞ்சிருக்கிறதை 2016-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. ஒரு நாளைக்கு சுமார் 1.9 கோடி லிட்டர் அதுல கொட்டிக்கிட்டிருந்தது. ஏறக்குறைய 50,000 பேருக்குப் போதுமான தண்ணி. வருஷக்கணக்கா கொட்டி, அங்கே ஒரு குளமே உருவாயிடுச்சு! வாடகை பம்ப் ரெண்டு நாள்ல வந்தது. இந்த ஓட்டையை அடைக்க ஆறு வருஷத்துக்கும் மேல ஆச்சு.

பணம் இல்லைன்னு நகராட்சி சொல்லும், நிர்வாகம் சரியில்லைன்னு மாநில அரசு சொல்லும். ரெண்டுலயும் உண்மை இருக்கு. ஆனா அடியில ஒரு பழைய கணக்கு ஓடுது. பள்ளிகள்ல கறுப்பர், வெள்ளையர் பிள்ளைங்க சேர்ந்து படிக்கணும்னு ஆன பிறகு, வெள்ளைக்காரக் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமா புறநகருக்குக் கிளம்பிடுச்சு. 1980-ல் ரெண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை 2020-ல் ஒன்றரை லட்சம். இருக்கிறவங்கள்ல ஐந்தில் நாலு பேர் கறுப்பர்கள். ஜனம் குறைஞ்சது, வரி குறைஞ்சது, குழாயோட நீளம் மட்டும் குறையவே இல்லை. அது அப்படியே கிடந்து துருப்பிடிச்சது. 2022 நவம்பர்ல கோர்ட் ஒரு வெளி நிர்வாகியை நியமிச்சது. டிசம்பர்ல நாடாளுமன்றம் 60 கோடி டாலர் ஒதுக்குச்சு. மாணவர்கள் வாடகை ஷவர்ல குளிச்சு மூணு மாசத்துக்கு அப்புறம்!

சிவில், கெமிக்கல் படிக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. அங்கே பம்ப்பை விடப் பெரிய தட்டுப்பாடு, லைசென்ஸ் வச்சிருக்கிற ஆபரேட்டர்களுக்குத்தான். இருந்தவங்க ஓவர்டைம் பார்த்தே களைச்சுப்போனாங்க. கடைசியில வெளி மாநிலங்கள்ல இருந்து ஆட்களை இரவல் வாங்கினாங்க. நம்ம கேம்பஸ் சினிமாக்கள்ல மோட்டார் ரூம் அண்ணன் எப்பவும் காமெடி கேரக்டர்தான், என்ன செய்ய!

அடுத்த வாரம் ஒரு சின்ன அசைன்மென்ட். உங்க காலேஜ் மோட்டார் ரூம் எங்கே இருக்குன்னு கண்டுபிடிங்க (முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, பெட்!). அங்கே இருக்கிற அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு ரெண்டே கேள்வி கேளுங்க. ஸ்டாண்ட்பை மோட்டாரைக் கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணினீங்க? இப்போ ஓடிக்கிட்டிருக்கிறது மெயினா, ஸ்டாண்ட்பையா?