கேள்வி – பதில்: ஓடும் பேனை விட்டுவிடுங்கள்

கேள்வி: வெண்டை இலையின் அடியில் செஞ்சிலந்திப்பேன்களோடு, வேகமாக ஓடும் வேறு பேன்களும் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து அடிக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வேகமாக ஓடுபவை பெரும்பாலும் இலையைத் தின்பவை அல்ல. சிலந்திப்பேனைப் பிடித்து உறிஞ்சும் இரைவிழுங்கிகள். தமிழகத்துக் காய்கறித் தோட்டங்களில் நியோசீயுலஸ் லாஞ்சிஸ்பினோசஸ் என்ற இனம் காணப்படுகிறது.

10 மடங்கு லென்ஸ் போதும். பயிரைத் தாக்கும் பேன் நூலாம்படைக்குள் மெதுவாக நகரும். அதன் முட்டை உருண்டை. இரைவிழுங்கி பளபளப்பாக, பேரிக்காய் வடிவில், நீண்ட கால்களோடு இருக்கும், நூல் பின்னாது. அதன் முட்டை நீள்வட்டம், சற்றுப் பெரியது. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இரை தின்றபின் இதுவும் சிவந்து தெரியும்.

எந்த இனம் என்று உறுதிசெய்ய, பெண் பேனைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, முதுகிலுள்ள மயிர்களின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இலையோடு மாதிரி எடுத்து அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

சைபர்மெத்ரின் போன்ற மருந்தை அடித்தால் இரைவிழுங்கி மடியும். தடுக்க ஆளில்லாமல் சிலந்திப்பேன் முன்னைவிடப் பெருகும். இப்போதைக்கு நூலாம்படை மூடிய இலைகளை மட்டும் கிள்ளி அழியுங்கள். ஐந்து நாள் கழித்து, வயலில் பரவலாக 20 இலைகளைப் புரட்டிப் பாருங்கள். ஓடுபவை கூடியிருந்தால் மருந்துச் செலவு மிச்சம்.